மிளகு ஏணியிலிருந்து விழுந்தவருக்கு ஓனர் தர வேண்டியது என்ன? தொழிலாளி செய்ய வேண்டியது என்ன?

நீங்கள் கேட்டதன் சுருக்கம் இது. ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பித் தோட்டம். 2026 பிப்ரவரியில் சில்வர் ஓக் மரத்தில் மிளகு பறித்துக்கொண்டிருந்த உங்கள் மச்சினன், வயது 32, ஏணியோடு சரிந்து விழுந்துவிட்டார். குதிகால் எலும்பு நொறுங்கியது, முதுகெலும்பில் ஒரு முறிவு. ஓனர் ஆஸ்பத்திரிச் செலவுக்கு 40,000 ரூபாய் கொடுத்தார். இப்போது "இனி எந்தப் பாத்தியதையும் கோர மாட்டேன்" என்று பத்திரத்தில் கையெழுத்துக் கேட்கிறார். "மேஸ்திரி கூட்டி வந்த ஆள், என் ஆள் இல்லை, பெல்ட் போடச் சொன்னேன், போடவில்லை" என்றும் சொல்கிறார். கூலி நாளுக்கு 600 ரூபாய். அடுத்து என்ன செய்வது?

முதல் வேலை, அந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது. ஏற்கெனவே போட்டிருந்தாலும் கலங்க வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுத்தும் குறைத்தும் எழுதிய எந்த ஒப்பந்தமும் அந்த அளவுக்குச் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. சமரசத் தொகை பேசி முடித்தால்கூட அதன் குறிப்பாணையை இழப்பீட்டு அதிகாரியிடம் பதிவு செய்தாக வேண்டும். தொகை மோசமாகக் குறைவாக இருந்தாலோ, மிரட்டி எழுதி வாங்கியது என்று தெரிந்தாலோ அவர் பதிவு செய்ய மறுக்கலாம். ஊர்ப் பெரியவர் இருவர் சாட்சிக் கையெழுத்துப் போட்டாலும் அது பதிவுக்கு ஈடாகாது.

இரண்டாவது, அந்த 40,000 ரூபாய். அது வைத்தியச் செலவு, இழப்பீடு அல்ல. சிகிச்சைக்காகத் தொழிலாளி வாங்கிய பணத்தை இழப்பீட்டில் வரவு வைக்கக் கூடாது என்று சட்டத்தில் தனி விளக்கமே இருக்கிறது. வேலையில் பட்ட காயத்துக்கான உண்மையான வைத்தியச் செலவை ஓனர் ஈடுகட்ட வேண்டும், அதற்கு மேல் இழப்பீடும் தர வேண்டும். மலையில் பெரும்பாலான வழக்குகள் இந்த ஓர் இடத்தில்தான் வீணாகின்றன. பில் கட்டியதோடு கணக்குத் தீர்ந்தது என்று இரண்டு தரப்பும் நம்பிவிடுகிறது. பல ஓனர்கள் மனதார அப்படி நம்பித்தான் கொடுக்கிறார்கள். அதில் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் பாக்கி பாக்கிதான்.

எந்தச் சட்டம் என்று கேட்பீர்கள். நூறாண்டுக்கு மேல் நடப்பில் இருந்தது 1923ஆம் ஆண்டின் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்குச் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம், 2020 வந்திருக்கிறது. அந்தத் தேதிக்கு முன் நடந்த விபத்துக்குப் பழைய சட்டம், பின் நடந்ததற்குப் புதியது. அடிப்படைக் கணக்கும் கடமைகளும் பெரும்பாலும் அப்படியே தொடர்கின்றன. சட்டம் மத்திய அரசினுடையது, நடத்துவது மாநிலத் தொழிலாளர் துறை. அதனால் மனு போவது சேலத்தில் இருக்கும் தொழிலாளர் துறையின் இழப்பீட்டு அதிகாரிக்கு. 'கமிஷனர்' என்று வக்கீல்கள் சொல்வது அவரைத்தான்.

அதற்கு முன் இஎஸ்ஐ (அரசின் தொழிலாளர் காப்பீட்டுத் திட்டம்) உண்டா என்று பார்த்துவிடுங்கள். இஎஸ்ஐ உள்ள இடத்தில் இந்த வழி அடைபட்டுவிடும், இரண்டையும் வாங்க முடியாது. சேலத்து ஜவ்வரிசி ஆலை, வெள்ளிப் பட்டறை, விசைத்தறிக்கூடம் ஆகியவற்றில் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் பெரும்பாலும் இஎஸ்ஐதான். அங்கே தற்காலிக ஊனத்துக்கு நாள் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். வேலையில் பட்ட காயத்துக்கு இத்தனை நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது, சேர்ந்த முதல் நாள் விரல் போனாலும் உண்டு. ஆனால் முதலாளி 24 மணி நேரத்துக்குள் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். அதை ஒரு வாரம் தள்ளிப்போட்டு, காயத்தை 'சாதாரண உடம்பு சரியில்லை' என்று பதிய வைப்பதுதான் பின்னால் பெரிய சிக்கலைக் கொண்டுவருகிறது. தோட்டங்களைப் பொறுத்தவரை புதிய சட்டத்தில் ஓனர் விரும்பினால் இஎஸ்ஐக்குள் வரலாம். உங்கள் மச்சினனிடம் இஎஸ்ஐ எண் இல்லை என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

இனி ஓனர் சொல்லும் இரண்டு காரணங்களுக்கு வருவோம்.

"மேஸ்திரி ஆள்" என்பது இந்தச் சட்டத்தில் எடுபடாது. தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தக்காரர் மூலம் செய்வித்தாலும், அந்த ஆளுக்கு நேரடி முதலாளி தர வேண்டிய இழப்பீட்டை முதன்மை முதலாளியே, அதாவது இங்கே தோட்ட ஓனரே, தர வேண்டும். கொடுத்த பிறகு மேஸ்திரியிடமிருந்து வசூலித்துக்கொள்வது அவர்கள் இருவருக்கும் இடையிலான விஷயம். காப்பித் தோட்டத்தில் மிளகு பறிப்பது தோட்டத் தொழிலின் பகுதி இல்லை என்று யாரும் வாதிட முடியாது. "தினக்கூலிதானே, பத்து நாள் வந்தவன்தானே" என்பதும் நிற்காது. தற்காலிக ஆட்களை விலக்கிவைத்திருந்த சொற்களை 2000ஆம் ஆண்டுத் திருத்தம் எடுத்துவிட்டது.

"பெல்ட் போடவில்லை" என்பது கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டியது. குடித்திருந்தது, பாதுகாப்புக்காகத் தெளிவாகச் சொன்ன உத்தரவை வேண்டுமென்றே மீறியது, கொடுத்திருந்த பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது அல்லது ஒதுக்கியது ஆகிய மூன்றில் ஒன்றுதான் காயத்துக்கு நேரடிக் காரணம் என்று நிரூபித்தால் முதலாளி தப்பலாம். நிரூபிக்க வேண்டியவர் அவர். சாவோ முழு நிரந்தர ஊனமோ நேர்ந்தால் இந்தக் காரணங்களும் உதவாது. அசட்டை வேறு, வேண்டுமென்றே மீறுவது வேறு. பெல்ட் ஸ்டோர் அறையில் தொங்கிக்கொண்டிருந்தது, ஆறு பேருக்கு இரண்டு பெல்ட்தான் இருந்தது என்றால் 'சொன்னேன்' என்பது உத்தரவாகாது. மொத்தத்தில் இது தப்பு யாருடையது என்று தேடும் சட்டமே அல்ல. வேலை காரணமாக, வேலை நேரத்தில் விபத்து நடந்து, மூன்று நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமல் போனால் பொறுப்பு முதலாளியுடையது. மரத்தடியில் பாம்பு கடித்தாலும், குளவி கொட்டினாலும், காட்டெருமை முட்டினாலும் இதே கணக்கு.

ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விசாரணையில் அதிகாரி அதைத்தான் கேட்பார். கணுக்களை மிதிபடியாக விட்டுச் செதுக்கிய ஒற்றை மூங்கிலை மரத்தில் சாய்த்து ஏறும்போது விழுவதற்குப் பொதுவாக மூன்று வழி. மேல்நுனியை மரத்தோடு கட்டாமல் விடுவதால் மூங்கில் உருண்டுவிடும். பழைய மூங்கிலில் வண்டு துளைத்து உள்ளே மாவாகியிருக்க, வெளியே நல்லதாகத் தெரிந்து கணு முறியும். கொடி பக்கவாட்டில் போயிருக்கும்போது ஏணியை நகர்த்தாமல் எட்டிப் பறிக்க, எடை ஒரு பக்கம் சாயும். காலைப் பனியில் பட்டையில் பாசி ஈரம் இருந்தால் இந்த மூன்றும் இரட்டிப்பாகும். விழுந்த ஏணியை அன்றே விறகாக்கிவிடுவார்கள். முடிந்தால் அது கிடக்கும் நிலையிலேயே மரத்தோடு சேர்த்துப் போனில் படம் எடுத்து வையுங்கள்.

இப்போது தொகை. முதலில் மாதக் கூலியைக் கண்டுபிடிக்க வேண்டும். 600 ரூபாயை முப்பதால் பெருக்கி 18,000 என்று எழுதுபவர்கள் உண்டு. அது சரியில்லை. கடைசியாகத் தொடர்ந்து வேலை செய்த காலத்தில் வாங்கிய மொத்தக் கூலியை முப்பதால் பெருக்கி, அந்தக் காலத்தின் மொத்த நாட்களால் வகுக்க வேண்டும். 48 நாள் இடைவெளியில் 40 நாள் வேலைக்குப் போயிருந்தால் 24,000 ரூபாய் வாங்கியிருப்பார். 24,000 பெருக்கல் 30, வகுத்தல் 48. விடை 15,000. நடுவில் 14 நாளுக்கு மேல் வராமல் இருந்தால் தொடர்ச்சி அறுந்து, அதற்குப் பிந்திய காலம் மட்டும் எண்ணப்படும். ஒரு மாதம்கூட ஆகாத ஆள் என்றால், அதே வேலை செய்யும் இன்னொருவரின் சராசரியை எடுப்பார்கள். கணக்குக்கு எடுக்கும் மாதக் கூலிக்கு உச்சவரம்பும் உண்டு. 2010 மே 31 முதல் 8,000 ரூபாயாக இருந்ததை 2020 ஜனவரி 3 முதல் 15,000 ஆக்கினார்கள். விபத்து நாளில் நடப்பில் இருந்த வரம்பு எதுவோ அதுதான் பொருந்தும், மனுப் போடும் முன் அலுவலகத்தில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். கீழே 15,000 என்று வைத்தே போடுகிறேன்.

அடுத்து வயதுக்கான காரணி. இது சட்டத்தின் அட்டவணையில் இருக்கிறது. 20 வயதுக்கு 224.00, 32 வயதுக்கு 203.85, 40க்கு 184.17, 50க்கு 153.09. சாவு என்றால் மாதக் கூலியில் பாதியைக் காரணியால் பெருக்க வேண்டும். முழு நிரந்தர ஊனம் என்றால் மாதக் கூலியில் 60 சதவீதத்தைப் பெருக்க வேண்டும். உங்கள் மச்சினனுக்கு 15,000-இல் 60 சதவீதம் 9,000. அதை 203.85-ஆல் பெருக்கினால் 18,34,650 ரூபாய். இது முழு ஊனத்துக்கான தொகை. பகுதி ஊனம் என்றால் சம்பாதிக்கும் திறன் எத்தனை சதவீதம் போனதோ அந்தப் பங்கு. 25 சதவீதம் என்று வைத்தால் 4,58,662 ரூபாய் 50 காசு. நாற்பதாயிரத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சதவீதத்தில்தான் வழக்கின் உயிர் இருக்கிறது. சில காயங்களுக்கு அட்டவணையே எண் தருகிறது. கட்டைவிரல் முழுதும் போனால் 30, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14, மற்றது நன்றாக இருந்து ஒரு கண் போனால் 40. வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் பிரஸ்ஸில் விரல் போனவருக்கு, இஎஸ்ஐ இல்லாத இடமானால், இதை வைத்து நேராகக் கணக்குப் போடலாம். குதிகாலும் முதுகும் அட்டவணையில் இல்லை. அங்கே மருத்துவர்தான் மதிப்பிட வேண்டும். அவரிடம் 'உடல் ஊனம் எத்தனை சதவீதம்' என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். 'இந்த ஆள் இனி ஏணி ஏற முடியுமா, சரிவில் மூட்டை சுமக்க முடியுமா' என்பதும் சான்றிதழில் வர வேண்டும். கால் 20 சதவீதம் கெட்டாலும் மரம் ஏறிப் பிழைத்தவரின் சம்பாத்தியம் அதைவிடப் பல மடங்கு குறையலாம். 1976இல் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் இதைத்தான் சொன்னது. அதில் தொழிலாளி ஒரு தச்சர். இடது கை முழங்கைக்கு மேலே துண்டிக்கப்பட்டது. ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே அவருக்கு அது முழு ஊனமே என்று தீர்ப்பானது.

எலும்பு கூடும்வரை வீட்டில் கிடக்கும் காலத்துக்கும் பணம் உண்டு. மாதக் கூலியில் 25 சதவீதத்தை அரைமாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும். 15,000க்கு அது 3,750 ரூபாய், மாதத்துக்கு 7,500. முடக்கம் 28 நாளோ அதற்கு மேலோ நீடித்தால் 16ஆம் நாள் முதல் தவணை. அதிகபட்சம் ஐந்து ஆண்டு. இப்படி வாங்கிய தவணைகளைப் பிறகு மொத்தத் தொகையில் கழிக்கலாம், வைத்தியப் பணத்தைத்தான் கழிக்கக் கூடாது.

காலக் கெடு விஷயத்தில் முதலாளிக்குச் சலுகை குறைவு. உச்ச நீதிமன்றம் அதே 1976 வழக்கில், இழப்பீடு விபத்து நடந்த அன்றே தர வேண்டியதாகிறது, தீர்ப்பு வரும் நாளில் அல்ல என்றது. ஒரு மாதத்துக்குள் தராவிட்டால் வட்டி ஓடும். பழைய சட்டம் ஆண்டுக்கு 12 சதவீதம் என்று எழுதியிருந்தது, புதிய சட்டம் விகிதத்தை விதிகளுக்கு விட்டிருக்கிறது. தாமதத்துக்கு நியாயமான காரணம் இல்லையென்றால் தொகையில் 50 சதவீதம் வரை கூடுதலாகவும் கட்டச் சொல்லலாம். அந்த அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது, ஓனர் கையிலிருந்து போகும் என்று 1997இல் வேத் பிரகாஷ் கார்க் வழக்கில் தெளிவாகிவிட்டது. முழுத் தொகையும் தர வேண்டியதில்லை என்று ஓனர் நினைத்தாலும், தான் ஒப்புக்கொள்ளும் அளவை உடனே தந்தே ஆக வேண்டும்.

ஓனர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் அவர்களுக்கும் சொல்கிறேன். வேலைக்குச் சேர்க்கும்போதே இழப்பீட்டு உரிமை பற்றித் தமிழில் எழுதிக் கொடுப்பது 2017 முதல் கட்டாயக் கடமை. சாவோ கடுங்காயமோ நேர்ந்தால் ஏழு நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். கை கால் எலும்பு முறிவும், 20 நாளுக்கு மேல் வேலைக்கு வர முடியாமையும் 'கடுங்காயம்' என்பதில் அடங்கும், ஆகவே குதிகால் முறிவை மறைக்க முடியாது. சாவு இழப்பீட்டையும், பெண் தொழிலாளிக்கான மொத்தத் தொகையையும் நேரில் கையில் கொடுத்தால் கொடுத்ததாகவே ஆகாது, அதிகாரியிடம் டெபாசிட் செய்ய வேண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு மூன்று மாதக் கூலி அளவுக்கு மட்டும் முன்பணம் நேரில் கொடுத்து வரவு வைத்துக்கொள்ளலாம். இது தெரியாமல் கருமாதி அன்று லட்சக்கணக்கில் மூத்த மகன் கையில் கொடுத்துவிட்டு, மனைவி மனுப் போட்டபோது மறுபடி கட்ட நேர்ந்தால் சட்டம் காப்பாற்றாது.

ஒர்க்மென் பாலிசி (தொழிலாளர் இழப்பீட்டுக்கான இன்சூரன்ஸ்) எடுத்திருக்கிறேன் என்று நிம்மதியாக இருப்பவர்கள் அதை ஒரு முறை பிரித்துப் படிக்க வேண்டும். நிரந்தர ஆட்கள் எட்டுப் பேரை மட்டும் காட்டியிருப்பார்கள், மிளகு சீசனுக்கு வந்த இருபது பேர் அதில் இருக்க மாட்டார்கள். மேஸ்திரி ஆட்களுக்கான சேர்க்கை, வைத்தியச் செலவுக்கான சேர்க்கை இரண்டும் தனியாகப் பணம் கட்டினால்தான் வரும். பிரீமியத்தைக் குறைக்கக் கூலியைக் குறைத்துக் காட்டியிருந்தால் கம்பெனி அந்த விகிதத்தில்தான் தரும். ஓனர் குடியிருக்கத் தந்த தோட்டத்து லைன் வீடு இடிந்து ஆள் செத்தாலும் காயம்பட்டாலும் இழப்பீடு உண்டு என்பதையும் நினைவில் வையுங்கள். குடியிருப்பவர் தப்போ இயற்கைச் சீற்றமோ மட்டும் காரணமாக இருந்தால் விலக்கு.

தொழிலாளியின் கடமைகள் குறைவு, ஆனால் தவறினால் நஷ்டம் பெரிது. விபத்து பற்றிச் சீக்கிரம் எழுத்தில் தெரிவிக்க வேண்டும்: பெயர், முகவரி, எப்போது, எப்படி விழுந்தார். ஒரு தாளில் தமிழில் எழுதினால் போதும், ஒப்புகை அட்டையுடன் தபாலில் அனுப்புங்கள். ஓனருக்கு வேறு வழியில் தெரிந்திருந்தால் நோட்டீஸ் இல்லாதது குறையாகாது. நோட்டீஸ் வந்த மூன்று நாளுக்குள் ஓனர் தன் செலவில் மருத்துவப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தால் போயே தீர வேண்டும். மறுத்தால் உரிமை அதுவரை நிறுத்திவைக்கப்படும். பரிசோதனைக்கு முன் ஊரைவிட்டுப் போனாலும் அதே விளைவு, கல்வராயன் மலையிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள். டாக்டர் சொன்ன சிகிச்சையைக் கைவிட்டு நாட்டுக் கட்டுக்குப் போய் நிலைமை மோசமானால், ஒழுங்காகச் சிகிச்சை பெற்றிருந்தால் எவ்வளவு ஊனம் மிஞ்சியிருக்குமோ அதற்கு மட்டும்தான் இழப்பீடு.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதும் விபத்துப் பதிவேட்டின் நகல், அதாவது ஏஆர் காப்பிதான், எல்லாவற்றிலும் வலுவான சாட்சி. "பைக்கில் விழுந்தேன் என்று சொல்லிவிடு" என்று வழியில் யாராவது சொல்லியிருந்தால், இப்போதே அந்தப் பதிவை வாங்கிப் பாருங்கள். 'தோட்டத்தில் மிளகு பறிக்கையில் ஏணியிலிருந்து விழுந்தது' என்று இல்லையென்றால், அழைத்து வந்தவர்கள், 108 ஆம்புலன்ஸ் பதிவு, கூட வேலை செய்தவர்கள் ஆகியோரை வைத்து அதைச் சரிக்கட்ட வேண்டிவரும். ஓனரோ மேஸ்திரியோ ஜிபே-யில் அனுப்பிய கூலி, மேஸ்திரியின் நோட்டுப் பக்கத்தின் படம், வாட்ஸ்அப்பில் 'நாளைக்கு வா' என்று வந்த குரல் பதிவு எல்லாம் கூலிக்கும் வேலைக்கும் ஆதாரம்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆபரேஷன் நடந்திருந்தாலும் இழப்பீட்டு உரிமை குறையாது.

வேலைக்கு வரும் வழியில், ஏற்காடு மலைப்பாதையில் ஆட்களை ஏற்றி வந்த வண்டி கவிழ்ந்தால் என்ன என்பதும் அடிக்கடி வரும் கேள்வி. புதிய சட்டம் வீட்டிலிருந்து வேலைக்கும் வேலையிலிருந்து வீட்டுக்கும் போகும் வழி விபத்தை, நேரம், இடம், சூழ்நிலை வேலையோடு தொடர்புள்ளதாக இருந்தால், வேலை விபத்தாகவே ஏற்கிறது. பழைய சட்டத்தின் கீழும் அப்படியே கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ஒரு சர்க்கரை ஆலைக் காவலாளியின் வழக்கில் சொல்லிவிட்டது. வாகன விபத்து என்றால் மோட்டார் வாகனத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம் அல்லது இங்கே வரலாம், ஏதாவது ஒன்று மட்டும்.

மனுவை விபத்து நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை மன்னிக்கலாம், அதை நம்பி உட்கார வேண்டாம். விபத்து நடந்த இடம், தொழிலாளி குடியிருக்கும் இடம் எதுவாக இருந்தாலும் அங்குள்ள அதிகாரியிடம் போடலாம். வக்கீல் கட்டாயமில்லை, சங்க நிர்வாகியும் ஆஜராகலாம். செலவுக்கு வழியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும், அழைக்க வேண்டிய எண் 15100. எதிர்த்து உயர் நீதிமன்றம் போக நினைக்கும் ஓனர் முதலில் முழுத் தொகையையும் கட்டிய பிறகே போக முடியும், மேல்முறையீட்டுக்கு 60 நாள்.

சேலம் இறங்கும்போது கையில் எடுத்துப் போக வேண்டியவை: ஏஆர் காப்பி, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, மருத்துவ பில்கள், வயதுக்கு ஆதார் அல்லது பள்ளிச் சான்று, கூலிக்கான ஆதாரம், அனுப்பிய நோட்டீஸின் நகலும் ஒப்புகை அட்டையும், கூட இருந்த இரண்டு பேரின் பெயரும் போன் எண்ணும். ஊனச் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்பதற்காக மனுவைத் தள்ளிப்போட வேண்டாம். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எழுதி மதிப்பீடு பெறும்படி அதிகாரியிடமே கேட்கலாம், எலும்பு முழுதாகக் கூடிய பிறகு எடுக்கும் மதிப்பீடுதான் நிற்கும்.